மொட்டை மாடி அறையில் ஒரு சண்டை மீன்: ஜூலை முதல் மே வரை

ஜூலை, முதல் வாரம்

இயன்முறை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஏழரைக்கு அறையைப் பூட்டினால் போஸ்டிங் என்கிற மருத்துவமனைப் பயிற்சி, வகுப்பு எல்லாம் முடிந்து திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். சென்னை வில்லிவாக்கத்தில் மொட்டை மாடியில் ஒற்றை அறை. நானும் திருநெல்வேலித் தோழி ஒருத்தியும் இருக்கிறோம். கும்பகோணத்து வீட்டில் பூனையோ கோழியோ எப்போதும் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே வந்து இரண்டு வருடமாக அறையில் அப்படி ஓர் உயிர் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

எதை வளர்ப்பது என்று பார்க்கும் முன் ஒரு வாரம் இரண்டு விஷயங்களை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன்: எனக்கென்று மிஞ்சும் நேரம், அறையின் வெப்பம். மிஞ்சியது நாளுக்கு இருபது நிமிடம், ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம். வெப்பமானி மதியம் 34 காட்டியது, அதுவும் ஜூலையில்! ஆசைப்பட்ட பட்டியலில் பாதி இந்த இரண்டு எண்களிலேயே அடிபட்டுப் போனது.

முதலில் போனது ஹாம்ஸ்டர். 26 டிகிரிக்கு மேல் போனாலே அது சிரமப்படத் தொடங்கிவிடும், எங்கள் கூரைக்குக் கீழே அதை அடைத்து வைப்பது கொடுமை. இரவெல்லாம் சக்கரத்தில் ஓடுகிற பிராணி வேறு, தோழியின் தூக்கமும் போகும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜிகள் ஆஸ்திரேலியாவில் கூட்டமாகப் பறந்து திரியும் பறவைகள். ஒன்றை மட்டும் பதினோரு மணி நேரம் தனியாகக் கூண்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"பச்சைக்கிளி ஒண்ணு வாங்கிக்கோயேன், பேசும்" என்று அத்தை போனில் சொன்னார். பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். கடைகளில் நாணயம் அளவில் கிடைக்கும் சிவப்புக்காது ஆமை, நம் ஊர் ஆமை அல்ல. அது ஓர் அடி வரை வளரும், இருபது முப்பது வருடம் வாழும். இடம் போதாமல் போனதும் பலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள், அங்கே அது நம் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனக்குப் படிப்பு முடிய இன்னும் சில வருடம்தான். அதற்குப் பிறகு எந்த ஊரில் இருப்பேனோ! கையில் தூக்கிக்கொண்டு போக முடிகிற உயிர்தான் எனக்குச் சரி.

ஃபைட்டர் மீன் என்று முடிவு செய்தேன். தனியாக வாழும் மீன், வெப்பமண்டலத்தது, இரண்டு முதல் நான்கு வருடம் வாழும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "மீன்னா சரிம்மா. தண்ணி கீழே ஒழுகாம பாத்துக்கோ" என்றார்.

ஜூலை, மூன்றாவது ஞாயிறு

கொளத்தூர் எங்களுக்குப் பக்கம்தான். வண்ண மீனுக்குப் பேர்போன இடம், தெரு முழுக்கக் கடைகள். ஃபைட்டர் ஆண்களை ஒவ்வொன்றாகச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். அன்று மீன் வாங்கவில்லை, தொட்டி மட்டும் கேட்டேன். கடைக்கார அண்ணன், "இதுக்கு எதுக்கும்மா தொட்டி? பௌல் போதும், டம்ளர்லயே இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஃபைட்டருக்குச் செவுளோடு கூடவே, மேலே வந்து காற்றை நேராக இழுத்துக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. அதனால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா டம்ளருக்குள் ஏறிக்கொண்டே போய்ச் செவுளை எரிக்கும். தாய்லாந்தில் அது வாழும் வயலும் சதுப்பும் ஆழம் குறைந்தவை, ஆனால் பரந்தவை. உயிரோடு இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்று தினமும் நோயாளிகளைப் பார்க்கிற எனக்குத் தெரியும்.

நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓர் அடி உள்ள கண்ணாடித் தொட்டி வாங்கினேன். விளிம்பு வரை 28 லிட்டர் பிடிக்கும். மீன் துள்ளிக் குதிக்கும் என்பதால் பத்து அங்குலம் மட்டும் நிரப்பினேன், சுமார் 23 லிட்டர். மேலே வலை மூடி. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், நீர் சோதிக்கும் கிட். செலவில் கிட்தான் பெரிது, ஆனால் அதில் மட்டும் கை வைத்துவிடக் கூடாது.

தொட்டியைக் கடப்பாக்கல் ஸ்லாப்பின் கீழ்த்தட்டில் வைத்தேன். நிரப்பினால் முப்பது கிலோ வரும், மேசை தாங்காது. பம்பை மேல்தட்டில் வைத்தேன். கீழே இருந்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து வெளியே கொட்டும் அபாயம் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு!

ஆகஸ்ட் முழுவதும்: மீன் இல்லாத தொட்டி

பொறுமை தேவைப்பட்ட மாதம் இது. புதுத் தொட்டியில் அமோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியா இருக்காது. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கும். இரண்டு வகையும் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுகவிட்டேன். வகுப்புத் தோழன் ஒருவன் தன் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தந்தான், அதை ஃபில்டரோடு கட்டி வைத்தேன். ஆறாம் நாள் அமோனியா ஏறியது. பதின்மூன்றாம் நாள் நைட்ரைட் சோதனைக் குழாய் முழு ஊதா. இருபத்தேழாம் நாள் இரண்டுமே பூஜ்யம், நைட்ரேட் மட்டும் காட்டியது. குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி தோழியை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே "அப்போ இனிமே மீனு வரலாமாடி?" என்றாள்.

வீட்டுக்கார அம்மாவின் மணி பிளான்ட்டிலிருந்து ஒரு கொடி வாங்கி, வேர் தண்ணீரிலும் இலை வெளியிலுமாக ஓரத்தில் செருகினேன். நைட்ரேட்டை அது எடுத்துக்கொள்கிறது.

செப்டம்பர், முதல் ஞாயிறு

மாணிக்கம் வந்தான். ரத்தச் சிவப்பு. வேறு நிறங்களில் கண் போனாலும், விரலை டப்பாவுக்கு அருகில் கொண்டுபோனதும் துடுப்பை விரித்துக்கொண்டு முன்னால் வந்தவன் இவன்தான். கடையிலேயே ஒரு குருணை போடச் சொன்னேன், பாய்ந்து தின்றான். துடுப்பைச் சுருக்கிக்கொண்டு அடியில் கிடப்பதை நிறத்துக்காக வாங்காதீர்கள்.

மறுநாள் ஸ்பாஞ்சிலிருந்து வந்த குமிழியின் வேகம் அவனைத் தள்ளியது, நீண்ட வாலோடு அவனால் எதிர்நீச்சல் போட முடியவில்லை. குழாயில் சின்ன வால்வு போட்டுக் காற்றைக் குறைத்தேன். பத்தாம் நாள் ஓரத்தில் நுரைக்கூடு (முட்டைகளுக்காக ஆண் மீன் கட்டும் குமிழிக் கூடு) கட்டியிருந்தான்.

கணக்கு இப்படி: காலை மூன்று குருணை, இரவு மூன்று, சேர்ந்து ஐந்து நிமிடம். ஞாயிறு கால் பங்கு நீர் மாற்ற அரை மணி நேரம். எங்கள் போர் தண்ணீர் உப்பு அதிகம், டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900க்கு மேல். மெட்ரோ தண்ணீரும் (மாநகரக் குடிநீர்) போர் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு, ஒரு நாள் பக்கெட்டில் வைத்துத்தான் ஊற்றுவேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போனேன். ஆரோக்கியமான ஃபைட்டர் அதைத் தாங்கும், அதனால் தீவனம் எதுவும் போடாமல் போனேன். வந்ததும் கண்ணாடி வரை ஓடி வந்தான்.

நவம்பர்: நான் செய்த தவறு

தேர்வு நெருக்கத்தில் இரண்டு ஞாயிறு நீர் மாற்றவில்லை. மூன்றாவது ஞாயிறு பதறிப்போய், கலந்து வைத்த தண்ணீர் இல்லாததால், கேன் தண்ணீரையே முக்கால் தொட்டிக்கு ஊற்றினேன். மாலையில் மாணிக்கம் துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு மூலையில் அசையாமல் கிடந்தான். கேன் தண்ணீரில் தாதுக்கள் மிகக் குறைவு. மாதக்கணக்கில் கனத்த நீரில் இருந்தவனை ஒரே மணி நேரத்தில் மெல்லிய நீருக்கு மாற்றியிருக்கிறேன். தேர்வைவிட அது என்னை அதிகம் வதைத்தது.

பழைய கலவை நீரைத் தினமும் இரண்டு லிட்டர் மட்டும், மெதுவாக, சொட்டுச் சொட்டாக விட்டேன். தெருமுனை பாதாம் மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டேன். தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு வந்தது. ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலங்காலமாக நம்பும் இலை அது. ஐந்தாம் நாள் ஒரு குருணை தின்றான். பத்தாம் நாள் பழைய மாணிக்கம்.

அன்றிலிருந்து மூடி போட்ட இரண்டு பக்கெட் எப்போதும் தயாராக இருக்கிறது.

ஜனவரி

பொங்கலுக்கு ஏழு நாள் ஊருக்குப் போனேன். தோழி அந்த வாரம் இங்கேதான். மருந்துக் கடையில் விற்கும் கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் ஒவ்வொரு நாளுக்கும் குருணைகளை எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். "பாவம், பாக்கிற பார்வைக்கு இன்னும் நாலு போடலாம் போல இருக்கு" என்று போன் செய்தாள். அன்போடு கூடுதலாகப் போடுகிற தீவனம்தான் அழுகி அமோனியா ஆகும். டப்பா இருந்ததால் கை கட்டுப்பட்டது.

மே, இரண்டாவது வாரம்

நான் ஜூலையிலேயே பயந்தது வந்துவிட்டது. நேற்று மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி நீர் 33. அடிக்கடி மேலே வந்து காற்று குடித்தான். ஐஸ் போடச் சொன்னார்கள், போடவில்லை. திடீரென்று குளிர்ந்தால் நவம்பர் கதைதான். வலை மூடிக்கு மேலே, காற்று நீர்ப்பரப்பைத் தொட்டு ஓடும்படி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். கூரைக்கு உள்ளே தென்னை ஓலைத் தட்டியும் கட்டினோம்.

ஃபேன் காற்றில் தினமும் அரை அங்குலம் போல் நீர் ஆவியாகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணீர்தான் சரி. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இன்று மதியம் போஸ்டிங்கிலிருந்து போன் செய்து தோழியை வெப்பமானி பார்க்கச் சொன்னேன். 30.5. நுரைக்கூடு மறுபடி கட்டத் தொடங்கியிருக்கிறானாம்.