ஓட்டை போட்டதால் பிழைத்த குழாய்

மகளுக்குப் பள்ளியில் சார்ட் வேலை கொடுத்திருந்தார்கள். தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை உலகைப் புரட்டிப்போட்ட நிகழ்வுகள். தரையில் சார்ட்டை விரித்து, ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்து, ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். 1769 ஜேம்ஸ் வாட் காப்புரிமை. 1789 பிரெஞ்சுப் புரட்சி. 1848, 1914, 1917, 1929, 1945, 1989. முதல் உலகப் போருக்கு மட்டும் சிவப்பு ஸ்கெட்சில் தடித்த எழுத்து.

"எல்லாம் வந்துடுச்சாப்பா?"

"1913 எங்கே?"

"அதுல என்ன யுத்தம்?"

இருபத்தேழு வருஷம் அமோனியா பிளாண்டில் ஷிப்ட் பார்த்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. பாதி சொல்வதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூத்த ஆபரேட்டர் ஒருவர் என்னைக் கன்வெர்ட்டருக்கு அழைத்துப் போனார். காற்றின் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து, உரத்துக்கு மூலமான அமோனியா உருவாவது அதற்குள்தான். ஏழெட்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் எஃகு உருளை. உள்ளே காற்றழுத்தத்தைப் போல இருநூறு மடங்குக்குச் சற்றுக் குறைவான அழுத்தம். அதன் வெளிச்சுவரில் ஆங்காங்கே பென்சில் நுழையும் அளவில் துளைகள் இருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டிய சுவரில் யாராவது வேண்டுமென்றே ஓட்டை போடுவார்களா? கேட்டேன். "ஓட்டை இருக்கிறதாலதான் இது நிக்குது தம்பி" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, சந்தேகம் வந்தால் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நட, துடைப்பம் பற்றினால் நின்றுவிடு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஓட்டையின் கதை தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதைத் தொட முடியாது. மின்னலும், பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் வீங்க வீங்க, அந்தக் கொஞ்சம் போதவில்லை. பெரு நாட்டுக் கடலோரத் தீவுகளில் மலையாய்க் குவிந்திருந்த, நைட்ரஜன் நிறைந்த பறவை எச்சத்தை உரத்துக்காகக் கப்பல் கப்பலாக அள்ளினார்கள். சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து அந்தத் துர்நாற்றத்தில் வெட்டவைத்தார்கள். எச்சம் கிடக்கும் ஆளில்லாத் தீவைக் கண்டால் உரிமை கொண்டாடலாம் என்று அமெரிக்கா 1856இல் சட்டமே போட்டது. எச்சம் தீர்ந்துகொண்டு வர, அடுத்து தென் அமெரிக்காவின் அடகாமா பாலைவனத்து வெடியுப்பு, அதாவது மண்ணில் கிடைக்கும் நைட்ரஜன் உப்பு. அந்த மண்ணுக்காக 1879இல் சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போர் மூண்டது. அதில் கடற்கரையை இழந்த பொலிவியாவுக்கு இன்றுவரை கடல் இல்லை. இந்தப் போரை எந்த சார்ட்டிலும் நான் பார்த்ததில்லை.

1898இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பிரிஸ்டலில் மேடையேறி, வெடியுப்பு ஒருநாள் தீரும், கோதுமை தின்பவர்கள் பட்டினி கிடப்பார்கள், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது வேதியியலாளர்களின் பொறுப்பு என்றார். அவருடைய கவலை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் வயிற்றைப் பற்றியது. கணக்கு மட்டும் சரி.

பதினோரு வருஷம் கழித்து, 1909 ஜூலை 2. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர், காற்று நைட்ரஜனை அமோனியாவாக்கும் கருவியைத் தன் மேசைமேல் பூட்டி வைத்திருந்தார். அதன் வால்வுகளையும் இணைப்புகளையும் அமைத்தவர் ராபர்ட் லெ ரோசினோல் என்ற உதவியாளர்; அவர் பெயரை ரொம்பப் பேர் சொல்வதில்லை. பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்திலிருந்து கார்ல் போஷும் ஆல்வின் மிட்டாஷும் வந்திருந்தார்கள். முறுக்கும்போது ஒரு போல்ட் தெறித்துவிட்டது. சரிசெய்ய மணிக்கணக்கில் ஆனது. வேறு வேலை இருந்த போஷ் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் அமோனியா சொட்டத் தொடங்கியது; பார்த்தவர் மிட்டாஷ். பிளாண்ட் வேலை தெரிந்த யாருக்கும் இது புரியும். பெரியவர்கள் பார்க்க வரும் அன்றைக்குத்தான் மெஷின் மக்கர் செய்யும்.

மேசைமேல் சொட்டியதைத் தொழிற்சாலையில் ஆறாக ஓடவைப்பது வேறு வித்தை. வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்டாக (வினையூக்கியாக) ஹேபர் போட்டது ஆஸ்மியம் என்ற உலோகம். உலகிலேயே கொஞ்சம்தான் கிடைக்கும். மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாதுவில் வந்து நின்றார். இன்றைக்கு நாங்கள் நிரப்பும் கேட்டலிஸ்டும் அடிப்படையில் அதே இரும்புதான். கொஞ்சம் அலுமினா, கொஞ்சம் பொட்டாஷ். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரிதாக மாறாத சமையல் குறிப்பு.

போஷின் தலைவலி எஃகு. கான்கிரீட் அறைக்குள் வைத்து ஓட்டிய குழாய்கள் 80 மணி நேரத்தில் வெடித்தன. மாற்றினாலும் மறுபடி அதே கதை. போஷ் வேதியியலோடு உலோகவியலும் படித்தவர். அப்பா குழாய் வேலைத் தொழில் நடத்தியவர். வெடித்த துண்டை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கரியை (கார்பனை) தின்றுகொண்டிருந்தது. கரி போனால் எஃகு வெறும் சக்கை.

ஹைட்ரஜனைத் தடுக்க வழியில்லை. எனவே போஷ் தடுக்கவில்லை. உள்ளே கரி அனேகமாக இல்லாத மென்மையான இரும்பில் ஒரு உறை. தின்ன அதில் கரி கிடையாது. வெளியே அழுத்தத்தைத் தாங்க எஃகுக் குழாய். உறை வழியாகக் கசியும் சொற்ப ஹைட்ரஜன் இடையில் தேங்கி எஃகைக் கடிக்காமல் வெளியேற, எஃகில் சின்னச் சின்னத் துளைகள். நான் முதல் வாரத்தில் பார்த்துப் பயந்த ஓட்டைகளின் தாத்தா அவை. 1913 செப்டம்பரில், ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற ஊரில் பிஏஎஸ்எஃப்பின் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியது.

அடுத்த ஆகஸ்டில் போர். பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததும் சிலி வெடியுப்பு ஜெர்மனிக்கு நின்றது. வெடியுப்பு இல்லாமல் உரமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. செப்டம்பரிலேயே போஷ் ராணுவத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்: வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரிக் அமிலத்தை அமோனியாவிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்று. 1915 மே மாதம் ஓப்பாவ் அதைச் செய்தது. 1917இல் விமானங்களுக்கு எட்டாத உள்நாட்டில், லெய்னாவில் இன்னொரு பெரிய ஆலை. இவை இல்லாவிட்டால் ஜெர்மனியின் பீரங்கிகள் நெடுநாள் முன்பே ஓய்ந்திருக்கும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மகள் தடித்த எழுத்தில் எழுதிய 1914, நான்கு வருஷம் நீண்டதில் இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு.

ஹேபர் அதற்குள் வேறு வேலையில் இருந்தார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது அவர் மேற்பார்வையில்தான். பத்தே நாளில் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் முனைவர், கணவரின் துப்பாக்கியாலேயே சுட்டுக்கொண்டார். அமோனியாவுக்காக ஹேபருக்கு 1918ஆம் ஆண்டின் நோபல். யூதராகப் பிறந்தவர் என்பதால் 1933இல் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் பாசல் நகரில் இறந்தார். அவரை நல்லவர் கெட்டவர் என்று ஒரு பக்கம் ஒதுக்க என்னால் முடிந்ததில்லை. முடிந்தவர்களை நான் நம்புவதுமில்லை.

ஓப்பாவ் ஆலையையும் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் பாறையாய் இறுகிய உரத்தை டைனமைட் வைத்து உதிர்ப்பது அங்கே வழக்கம். எத்தனையோ ஆயிரம் தடவை ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 காலை ஆனது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே சார்" என்று ஷிப்டில் யாராவது சொன்னால், நான் சொல்லும் தேதி அது.

1900இல் உலகில் ஏறத்தாழ 160 கோடிப் பேர். இன்று 800 கோடியைத் தாண்டிவிட்டோம். அதில் சரிபாதிப் பேரின் சாப்பாடு இந்தக் குழாய் வழி வந்த நைட்ரஜனில் விளைகிறது என்பது அறிஞர்கள் போடும் கணக்கு. 1789ஐயோ 1917ஐயோ நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோட்டில் ஓப்பாவுக்கும் ஒரு இடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

காலையில் எழுந்து பார்த்தால், சிவப்பு 1914க்கு இடப்பக்கம் இடமில்லாமல், பென்சிலில் பொடி எழுத்தில் '1913 ஓப்பாவ்' என்று நுழைத்திருந்தாள். சார்ட் திரும்பி வந்தபோது அதன் பக்கத்தில் டீச்சர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வியாழக்கிழமை வகுப்பில் எழுந்து விளக்க வேண்டுமாம்.

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்குப்பா. அந்த ஓட்டையை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."