மே மாதப் பனியில் முகம் கழுவினேன்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ வந்து மூன்று வருடமாகிறது, பெல்டேன் இரவுக்கு இந்த முறைதான் போனேன். ஏப்ரல் 30, கால்டன் குன்று. கட்டி முடிக்காமலே விட்ட தேசிய நினைவுச்சின்னத்தின் 12 தூண்கள், சுற்றிலும் தீப்பந்தங்கள், வயிற்றுக்குள் போய் அதிரும் முரசு. கோடையை வரவேற்கிற பண்டிகை இது, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்து கேலிக் (Gaelic) மக்களின் பழைய வழக்கம்; அந்தக் காலத்தில் நோய் அண்டக்கூடாதென்று மாடுகளை இரண்டு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டிப்போவார்களாம். மங்கிப்போயிருந்த வழக்கத்துக்கு 1988-இல் சில கலைஞர்கள் இதே குன்றில் புது உயிர் கொடுத்தார்கள்.

பண்டிகையின் நடுநாயகம் காதல்தான். அங்கே நடிக்கிற கதையில், குளிர்காலத்தோடு செத்துப்போகும் பச்சை மனிதன் இளமையோடு மறுபடி பிறந்து மே ராணியோடு சேர்கிறான். ஆனால் என் கண் போனது சிவப்புச் சாயம் பூசி ஆடியவர்கள் மேல். எல்லாரும் சம்பளம் வாங்காமல், ஆசைக்கு ஆடுகிறவர்கள். அந்தக் குளிரில் தொப்பையும் தழும்புமாகத் திறந்த உடம்போடு, ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜோடி போன பெல்டேனில் ரிப்பனால் கைகளைக் கட்டிக்கொண்டு மணம் செய்தவர்களாம், கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுகிற இன்றைய பேகன்களிடம் அந்த வழக்கம் உண்டு. நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

வீட்டுக்குப் போக மனமில்லை. விடிவதற்கு முன்னால் ஆர்தர்ஸ் சீட் என்கிற இந்த ஊர்க் குன்றில் ஏறினேன், 251 மீட்டர் உயரம். மே முதல் நாள் விடியலில் அங்கே புல்லின் பனித்துளியில் முகம் கழுவினால் அழகு கூடும் என்பது இந்த ஊரின் பழைய நம்பிக்கை.

எனக்கு முகம் கழுவுவது என்றாலே தண்டனை மாதிரிதான். பதினொரு வயதிலிருந்து கடலை மாவு, பயத்தம் மாவு, எலுமிச்சை, அப்புறம் கடையில் வாங்கிய சிவப்பழகு க்ரீம். "கொஞ்சம் நிறம் மட்டும் வந்துட்டா போதும்" என்று பெரியம்மா சொல்லாத விசேஷமே கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் வராத அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஒரு வயதான பெண்மணி எப்படிச் செய்வதென்று காட்டினார். உள்ளங்கையைப் புல்மேல் மெல்ல இழுக்க வேண்டும், கை நிறையத் தண்ணீரெல்லாம் வராது, ஈரம்தான். அந்த ஈரத்தை நெற்றியில், பருத் தழும்பில், அப்பாவிடமிருந்து வந்த இந்த அகல மூக்கில், உதட்டுக்கு மேலிருக்கும் கறுப்பில் என்று ஒவ்வொரு இடமாக, அவசரமில்லாமல், சின்னக் குழந்தைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி வைத்துக்கொண்டே வந்தபோது அழுதுவிட்டேன். அதுவரை என் முகத்தை நான் தொட்டதெல்லாம் எதையாவது போக்குவதற்குத்தான். இந்த முறை எதையும் போக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஐந்தரை வாக்கில் வெளிச்சம் வந்தது. துடைக்காத முகத்தோடு ஒரு படம் எடுத்து, ஃபில்டர் எதுவும் போடாமல் அம்மாவுக்கு அனுப்பினேன். பாதி இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது: "ரொம்ப குளிருமே, ஸ்வெட்டர் போட்டிருக்கியா கண்ணு?"