ராயபுரத்திலிருந்து பாலாற்றுக்கு

சென்னைக்கு முறையான செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன்பே, கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்த காலத்திலேயே, கடற்கரையை ஒட்டிய ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நிலையம் எழுந்தது. 1853இல் பணியைத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, 1856 ஜூலை 1 அன்று ராயபுரம் முதல் வாலாஜா ரோடு வரையிலான சுமார் 100 கிலோமீட்டர் பாதையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டது.

முதல் கட்டம் பாலாற்றுக்கு வடக்கே நின்றதால், ஆற்காட்டுக்குச் செல்பவர்கள் அங்கே இறங்கி ஆற்றைக் கடந்தாக வேண்டும். பெரும்பாலான மாதங்களில் வறண்ட மணற்பரப்பாகவே கிடக்கும் ஆறு என்பதால், அது அத்தனை பெரிய தொல்லையாக இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். பின்னர் இப்பாதை காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக நீண்டு, மேற்குக் கரையில் சாலியாற்றின் முகத்துவாரத்திலுள்ள பேப்பூரை எட்டியது.

உயர்ந்த தூண்கள் தாங்கும் முகப்புடைய ராயபுரம் நிலையம், நாட்டில் இன்றும் இயங்கிவரும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது. அதற்குரிய மதிப்பைச் சென்னைவாசிகளாகிய நாம் தருவதில்லை என்பது என் மனக்குறை. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் வெளியூர்ப் பயணிகள் கூட்டம் மெல்ல அங்கே இடம் மாறியது. ராயபுரத்துக்குச் சரக்கு வண்டிகளும் புறநகர் ரயில்களும் மிஞ்சின.