கழுத்து நாளங்களில் ரத்த ஓட்டம்: எம்ஆர்ஐ தரும் எண்ணை எப்போது நம்பலாம்?

கழுத்துக்கு எம்ஆர் ஆஞ்சியோ எடுத்தால் நாளம் எங்கே சுருங்கியிருக்கிறது என்று தெரியும். அதன் வழியே நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் ஏறுகிறது என்பது தெரியாது. படத்தில் பயமுறுத்தும் சுருக்கத்துக்கு மேலேயும் மூளைக்குப் போதுமான ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். எதிர்ப்பக்க நாளம் ஈடுகட்டியிருக்கும். அந்த மி.லி. கணக்கைத் தருவது ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை. ஊசி மருந்து தேவையில்லை, ஒரு ஸ்லைஸுக்கு, அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு, 2 முதல் 4 நிமிடம் போதும். சிக்கல் என்னவென்றால், படம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். எண் கெட்டால் தெரியாது. தசம புள்ளியோடு கம்பீரமாக ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

அடிப்படை எளிது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புல) துடிப்புகள் அடுத்தடுத்து கொடுக்கப்படும். அசையாத திசுவில் முதல் துடிப்பு சிக்னலில் உண்டாக்கிய கட்ட (ஃபேஸ்) மாற்றத்தை இரண்டாவது அழித்துவிடும். நகரும் ரத்தத்தில் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் வேகத்துக்கு நேர்விகிதம். கடல்நீரின் நகர்வை இப்படி அளக்கலாம் என்று எர்வின் ஹான் 1960இலேயே எழுதினார். மனித உடலைப் படமெடுப்பதற்கு இதைப் பொருத்தும் வழியை பால் மோரன் 1982இல் முன்வைத்தார். பிக்சல் ஒவ்வொன்றின் வேகத்தையும் அதன் பரப்பால் பெருக்கி, நாளம் முழுக்கக் கூட்டினால் ஓட்டம் கிடைத்துவிடும்.

ஸ்லைஸை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை. முதலில் ஒரு வேகமான டிஓஎஃப் ஆஞ்சியோ (ஊசி மருந்தின்றி, ஓடும் ரத்தத்தை வெண்மையாகக் காட்டும் படம்) எடுத்து, அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மூளைக்கு முன்புறமாக ஏறும் தமனியான உள் கரோட்டிடுக்கு, பொதுக் கரோட்டிட் பிளவுபடும் இடத்தின் வீக்கத்தைத் தாண்டி நேராக ஓடும் பகுதி. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்பு மட்டம். பின்புறமாக ஏறும் வெர்டிப்ரல் தமனியும் அங்கே எலும்புத் துளைகள் வழியே நேராக ஏறுவதால் இரு பக்கமும் சேர்த்து நான்கையும் ஒரே ஸ்லைஸில் பிடித்துவிடலாம். முதல் கழுத்தெலும்பை வளைந்து சுற்றும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஸ்லைஸ் சற்றுச் சாய்ந்தால் அளக்கும் வேகம் குறையும், வெட்டுமுகப் பரப்பு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மி.லி. கணக்கு அவ்வளவாகக் கெடாது. உச்ச வேகம் கெடும். சாய்வு 15 டிகிரியைத் தாண்டினால் ஓரப் பிக்சல்களின் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். அப்போது நாளத்துக்கொரு ஸ்லைஸ் வைப்பதே மேல்.

அடுத்தது வென்க், அதாவது 180 டிகிரி கட்ட மாற்றத்தைத் தரும் வேகம். ரத்தம் அதைத் தாண்டினால் சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல எண் எதிர்க்குறிக்குத் தாவும்: வெள்ளை நாளத்தின் நடுவே கரும்புள்ளி. தமனிகளுக்கு 80 முதல் 120 செ.மீ./விநாடி, தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் ஜுகுலர் சிரைக்கு 40 முதல் 60 வைத்துத் தொடங்கலாம். பயந்துகொண்டு 200 வைத்தால் தாவல் வராது, ஆனால் இரைச்சல் வென்க்குக்கு ஏற்றபடி கூடும். மெதுவாக ஓடும் வெர்டிப்ரல் அதில் மூழ்கிவிடும். கடும் சுருக்கம் இருந்தால் அந்த இடத்திலேயே அளக்க முயல வேண்டாம். கொந்தளிப்பில் சிக்னலே செத்துவிடும். ஓட்டம் சீரான பகுதியில் அளந்தால் போதும். இடையில் கிளை இல்லாதவரை மி.லி. மாறப்போவதில்லை.

160 மி.மீ. பரப்பை 256ஆகப் பிரித்தால் பிக்சல் 0.6 மி.மீ. சொச்சம். 5 மி.மீ. கரோட்டிடுக்குக் குறுக்கே 8 பிக்சல், 3.5 மி.மீ. வெர்டிப்ரலுக்கு ஐந்தரை. குறுக்கே நான்குக்குக் கீழே போனால் ஓட்டம் கூடுதலாகக் காட்டும். கேட்டிங்குக்கு, அதாவது படமெடுப்பை இதயத் துடிப்போடு ஒத்திசைக்க, விரல் நாடி போதும். டிஆர் (ஓர் அளவீட்டின் நேரம்) 10 மில்லி விநாடி, இதயத் துடிப்புக்குப் படத் தரவின் 2 வரி, வரி ஒவ்வொன்றும் எதிரெதிர் கிரேடியன்டோடு இருமுறை என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. நாடி 75 உள்ளவருக்கு 20 ஃபிரேம். அவசரத்துக்கு 6 வரி போட்டால் ஃபிரேம் 120 மில்லி விநாடியாகிவிடும். இயந்திரம் அப்போதும் இடைச்செருகி 20 ஃபிரேம் காட்டும், ஏமாற வேண்டாம். சராசரி ஓட்டம் பிழைக்கும், உச்சம் மழுங்கிவிடும்.

அதிகம் கவனிக்கப்படாத எதிரி, கிரேடியன்ட் மாறும்போது இயந்திரத்தின் உலோகப் பாகங்களில் எழும் சுழல் மின்னோட்டம் உண்டாக்கும் பின்னணிப் பிழை. அசையாத தசையில் வட்டம் போட்டுப் பாருங்கள்: பூஜ்யம் வர வேண்டும். 1 செ.மீ./விநாடி வந்தால், 0.2 ச.செ.மீ. கரோட்டிடில் நிமிடத்துக்கு 12 மி.லி. பிழை. 0.6 ச.செ.மீ. ஜுகுலரில் 36! பக்கத்துத் தசையின் மதிப்பைக் கழித்துவிட வேண்டும். நாளத்தைச் சுற்றிய வட்டத்தையும் மேக்னிட்யூட் (சிக்னலின் வலிமையைக் காட்டும்) படத்தில் வரைந்து, சுவர் துடிப்புக்கேற்ப ஃபிரேம்தோறும் திருத்த வேண்டும்.

ஜுகுலர் அளவை வைத்து நோயைச் சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. தலையைச் சற்றுத் திருப்பினாலோ கழுத்தில் வைக்கும் சிக்னல் வாங்கும் சுருள் (காயில்) அழுத்தினாலோ அது நசுங்கும், மூச்சோடும் மாறும். படுத்திருக்கையில் பெரும்பங்கு அதன் வழியே இறங்கும், நிமிர்ந்தால் முதுகெலும்புச் சிரைகளுக்கு மாறிவிடும்.

எண்கள் வந்ததும் கூட்டிப் பாருங்கள். உள் கரோட்டிட் ஒவ்வொன்றிலும் சுமார் 250, இரண்டு வெர்டிப்ரலிலும் சேர்த்து 150 முதல் 200. மொத்தம் நிமிடத்துக்கு 700 மி.லி. அளவில் நிற்க வேண்டும். பொதுக் கரோட்டிடின் ஓட்டம் உள், வெளிக் கிளைகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துவராவிட்டால் தவறு அளவீட்டில்தான். வெர்டிப்ரல்கள் சமமில்லாமல் இருப்பது சகஜம். பின்மூளைத் தமனி கரோட்டிடிலிருந்தே கிளம்பும் அமைப்பு இருந்தால் அந்தப் பக்கக் கரோட்டிட் கூடுதலாகவும் வெர்டிப்ரல்கள் சேர்ந்து உருவாகும் பேசிலார் தமனி குறைவாகவும் காட்டும், அது நோயல்ல. ரத்தசோகை ஓட்டத்தைக் கூட்டும், காபி குறைக்கும், மூச்சைப் பிடித்தால் ஏறும். மறுபரிசோதனையென்றால் இவற்றை இருமுறையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

திசையையும் மறக்காமல் பாருங்கள். இடது கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனி தொடக்கத்திலேயே அடைபட்டால் அந்தப் பக்க வெர்டிப்ரலில் ரத்தம் கீழ்நோக்கிக் கைக்கு ஓடும். டிஓஎஃப்பில் சிரைகளை மறைக்க மேலே வைக்கும் சாச்சுரேஷன் பட்டை அந்த ரத்தத்தையும் சேர்த்து அழித்துவிடும். நாளம் அடைபட்டதாக ரிப்போர்ட் போகும். ஃபேஸ் படத்தில் அதே வெர்டிப்ரல் கரோட்டிடுக்கு எதிர்நிறத்தில், ஜுகுலரின் நிறத்தில் தெரியும்.