காலணாக் கணக்கு

கதை படிக்கும்போது, பாத்திரத்தின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். முகம் எப்படி, மனசு எப்படி என்பதெல்லாம் அப்புறம். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா இல்லையா என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அந்தக் கதையை நம்பிக் கூடவே போய்விடுவேன்.

அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் இது. சென்னை நகர பஸ்களை அப்போது ஓட்டிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், அயனாவரம் டெப்போ. ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் படித்தே பெரிய வாசகர் ஆனவர். லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தில் அடையாளத்துக்கு டிக்கெட்டைத்தான் வைப்பார். பள்ளிக்கூட நாட்களில் நான் அந்தப் புத்தகங்களைத் திறந்தால், மை மங்கிய மெல்லிய தாள் ஒன்று மடியில் விழும்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியதும் அவர்தான். 1943-இல் வந்த கதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் கண்ணில் படாமல் சென்ட்ரலைத் தாண்டிவிட்டு அதற்கப்புறம் டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. அப்பா அந்த இடத்தில் நிறுத்தி, “பாரும்மா, ஸ்டேஜ் தாண்டினப்புறம் டிக்கெட் கேக்கறான். இந்த ஆளை எனக்குத் தெரியும்” என்றார். ஸ்டேஜ் என்றால் டிக்கெட் விலை மாறும் நிறுத்தம். கடவுள் அதற்குப் பிறகுதான் கதைக்குள் வருகிறார். அதற்குள் அந்த மனிதர் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மதராஸ் டிராம் 1953-இல் நின்றுபோனது. 1957-இல் நயா பைசா வந்து அணாக் கணக்கும் முடிந்தது. காலணா என்றால் மூன்று தம்பிடி என்று இன்று யாருக்கும் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஆனாலும் அந்த முனையில் அவர் படும் தவிப்பு புரிய எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதிய அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை முன்பே படித்திருந்தேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தபோது திரும்ப எடுத்தேன். முதல் தடவை நாயகி ஜமுனாவின் துக்கம்தான் கண்ணில் பட்டது. இந்தத் தடவை குடங்களை எண்ணிக்கொண்டே படித்தேன். எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே அதைப் படித்ததால், பக்கம் பக்கமாகக் கை வலித்தது.

பழைய விலை தெரிய வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போவேன். பழைய பத்திரிகைகளில் கதைகளைவிட விளம்பரங்களில்தான் அதிக நேரம் நிற்பேன். சோப்பு, தலைவலி மருந்து, கடிகாரம், எல்லாவற்றுக்கும் ரூபாய், அணா, பை (தம்பிடிதான்) என்று போட்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைய அதைவிட நல்ல கதவு கிடையாது. அண்மைக் காலத்துக்கு எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. போன மாதம் அங்கே 2018 ஜனவரி நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் செல்வி. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அவள் புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். வீடு வில்லிவாக்கம். பகலெல்லாம் நின்றபடியே புடவை விரித்துப் போடுகிறவள், ராத்திரி கடை மூடியதும் கெல்லீஸ் வரை நடந்து போய் பஸ் ஏறுகிறாள். ஸ்டேஜ் தள்ளி ஏறினால் டிக்கெட் குறையும். அந்த மிச்சத்தை அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை.

இது எந்த வருஷம் நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதே ஆண்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமும் வந்தது. அதற்கப்புறம் நடக்கும் கதையில் செல்வி கெல்லீஸுக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லை. நடந்தால் அது வேறு கதை, வேறு பெண். அதனால் 2018 ஜனவரியில் வைத்திருக்கிறேன். சென்னை பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்தாக ஏறிய மாதம். முந்தின நாள் வரை சரியாக இருந்த கணக்கு அவளுக்கு ஒரே ராத்திரியில் உடைகிறது.

அவளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் காலையில் கையில் இருப்பது, வலது பக்கம் செலவு. சாயங்கால டீ, தம்பிக்கு ரீசார்ஜ், சீட்டுப் பணத்துக்கு ஒதுக்கியது. இரண்டு பக்கமும் பொருந்தாத நாட்களைத்தான் காட்சியாக எழுதுகிறேன். பொருந்தும் நாளில் அவள் தூங்கிவிடுகிறாள், எனக்கும் எழுத ஒன்றுமில்லை.

நோட்டில் இன்னும் சில கட்டங்கள் காலி. அந்த வருஷம் புரசைவாக்கம் பக்கம் கடையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: மத்தியானச் சாப்பாடு கடையிலேயே போட்டார்களா, டீக்கு உங்கள் கைக்காசா, லேட்டாக வந்தால் எவ்வளவு பிடித்தார்கள்?