ஜெர்மனியில் போஸ்ட்டாக் இடம் கிடைத்த கதை

பிஎச்.டி வைவா முடிந்த கையோடு, போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டிக்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை பற்றி துறையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அடுத்து எங்க, கொரியாவா தைவானா?" மெட்டீரியல்ஸ் சயின்ஸ்காரர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பழகிய தடம். சீனியர் ஒருவர் போய்ச் சேர்ந்தால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். எனக்கு ஜெர்மனி மேல் கண். அங்கே கைகாட்டிவிட ஆள் இல்லை.

தேட ஆரம்பித்தபோதுதான், பணம் யாருடையது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது என்று புரிந்தது. பேராசிரியர் தன் ப்ராஜெக்ட் நிதியில் நம்மை வேலைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் ஹம்போல்ட், மேரி கியூரி மாதிரி ஃபெல்லோஷிப்பை நாமே வாங்கிக்கொண்டு அவரிடம் போகலாம். மேரி கியூரிக்கு செப்டம்பரில் விண்ணப்பித்தால் முடிவு பிப்ரவரியில்தான். 100க்கு 85க்கு மேல் எடுத்தும் நிதி எட்டாதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். எனக்கும் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சிவியில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

அதன்பிறகு விளம்பரங்களுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு ஜெப்ரிஸ் தளத்தைத் தோண்டினேன். ஜெர்மன் ஆராய்ச்சி நிதியமான டிஎஃப்ஜி யாருக்கு, எந்தத் தலைப்புக்கு, எந்த ஆண்டிலிருந்து நிதி தருகிறது என்பதெல்லாம் அதில் யாரும் பார்க்கலாம். சோடியம் அயான் பேட்டரியில் புதிதாக ப்ராஜெக்ட் தொடங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன். பணம் வந்த புதிதில்தான் ஆளும் தேவைப்படும்.

மெயிலில் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்" வகையறா எல்லாம் வேண்டாம். நான் நேராக அந்தந்தப் பேராசிரியருடைய பேப்பருக்குள் போனேன். ஹார்டு கார்பன் எலக்ட்ரோடு முதல் சுழற்சியிலேயே கெப்பாசிட்டியை இழக்கிறதே, பொடியை ஒட்டவைக்கும் பைண்டராக பிவிடிஎஃப்புக்குப் பதில் சிஎம்சி போட்டுப் பார்த்தீர்களா, நான் போட்டபோது இழப்பு குறைந்தது என்று எழுதி, ஒரு வரைபடத்தையும் இணைத்தேன். பலர் பதிலே போடவில்லை. ஒருவர் மறுநாளே ஜூமுக்கு அழைத்தார்.

20 நிமிடம் பேசச் சொன்னார்கள். பேராசிரியர் அமைதியாகத்தான் இருந்தார், குடைந்தது அவருடைய பிஎச்.டி மாணவி: "வரைபடத்தில் இந்தப் புள்ளி ஒரே பேட்டரி செல்லின் அளவா, பல செல்களின் சராசரியா?" நல்லவேளை, எல்லாம் மூன்று செல்களின் சராசரி, லேப் நோட்டை கேமராவுக்கு முன்னால் புரட்டியே காட்டினேன். பரிந்துரைக் கடிதத்தில் நம்மூர் வழக்கம் தெரியுமே, "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்". அங்கே செல்லாது. பிஎச்.டி கைடுக்கே நேராக மெயில் போகும். பல்கலைக்கழக முகவரியிலிருந்து பதில் வந்தால் நல்லது, ஜிமெயில் என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

சரி என்று சொன்ன பிறகுதான் பேப்பர் வேலை. சம்பளம் இ13 என்ற அரசு விகிதம். அதற்குள் படிநிலைகள் உண்டு, துறை சார்ந்த வேலை அனுபவத்தைக் காட்டினால் மேல்படியில் சேர்ப்பார்கள், மாதச் சம்பளத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஜேஆர்எஃப்பாக (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ) இருந்த காலத்துக்குச் சான்று கேட்டு இங்கே பல்கலைக்கழக செக்‌ஷனுக்குப் போனால், "அப்படி ஃபார்மட் எதுவும் இல்லையேப்பா" என்றார்கள். கடைசியில் கைடு லெட்டர்ஹெட்டில் எழுதி, பதிவாளர் முத்திரை வாங்கி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். சேர்ந்த தேதி, முடிந்த தேதி, செய்த வேலை மூன்றும் அதில் இருக்க வேண்டும். கைடு ரிட்டயர் ஆவதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.