அரை நிமிடம் முகத்தில் தங்கும் பொருள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு சிறிய தொழிற்கூடத்தில், முகப்பருவுக்கான ஃபேஸ் வாஷ், ஜெல், மருத்துவமனைகளில் கை கழுவும் கிருமிநாசினித் திரவம் ஆகியவற்றின் கலவையை வகுப்பது என் வேலை. எங்கள் பெயரில் எதுவும் கடைக்குப் போவதில்லை. வெளியூர் நிறுவனங்கள் எங்களிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சந்திப்பிலேயே கேட்பது, எத்தனை விழுக்காடு கிருமியைக் கொல்லும் என்பதுதான். கழுவிய பிறகு தோல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான கருத்து.

கிருமியைக் கொல்வதாகக் காட்டுவது ஆய்வகத்தில் எளிது. கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் குழியிட்டு, அதில் திரவத்தை ஊற்றி ஓர் இரவு வைத்தால், மறுநாள் குழியைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும். அந்த வளையத்தின் புகைப்படத்தை வைத்துக்கொண்டே பல விளம்பரங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் தட்டில் அந்தத் திரவம் இரவு முழுவதும் ஊறியிருக்கிறது. முகத்திலோ அரை நிமிடம் நுரையாக இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடுகிறது. அது மட்டுமன்று, பருவோடு தொடர்புள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி தோலின் மேற்பரப்பில் உட்கார்ந்திருப்பதில்லை. 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் என்று நாங்கள் படித்த அதே கிருமிதான். காற்றுப் புகாத மயிர்க்கால் துளையின் அடியில், எண்ணெய்ச் சுரப்பியின் கொழுப்பை உண்டு வாழ்கிறது. பரு இல்லாதவர்கள் முகத்திலும் வாழ்கிறது. துளையின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்வதும், எண்ணெய் மிகுதியாகச் சுரப்பதும், உள்ளே அழற்சி கிளம்புவதும் சேர்ந்துதான் பரு. கிருமி அதில் ஒரு பங்காளி, அவ்வளவே.

2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைப் பொதுமக்கள் பயன்படுத்தும் கிருமிநாசினிச் சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் தருவதைவிடக் கூடுதல் பயன் இருப்பதாகவோ, நெடுநாள் பயன்பாட்டில் தீங்கில்லை என்றோ உற்பத்தியாளர்கள் நிறுவவில்லை என்பதே காரணம். கொல்லும் விழுக்காட்டை மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் நான் இந்தச் செய்தியைத் தவறாமல் சொல்கிறேன்.

பருவுக்கான ஃபேஸ் வாஷில் நான் நம்பும் பொருள் சாலிசிலிக் அமிலம். அது கொழுப்பில் கரையும் தன்மை கொண்டதால் துளைக்குள் நுழைந்து, அடைப்பாக ஒட்டியிருக்கும் செல்களைத் தளர்த்துகிறது. ஆனால் அதைத் திரவத்தில் நிறுத்துவது எளிதன்று. அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 0.2 கிராம்தான் கரையும். எங்களுக்கோ 2 கிராம் தேவை. புரோப்பிலீன் கிளைகாலில் முன்கூட்டியே கரைத்து, நுரைப்பொருளின் துணையோடு உள்ளே கொண்டுவருகிறோம். புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவை (குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) கூட்டினால் நன்றாகவே கரையும், ஆனால் அப்போது அமிலத்தின் பெரும்பகுதி உப்பாக மாறித் துளைக்குள் நுழையும் ஆற்றலை இழக்கிறது. பி.எச். 3 அளவில் ஏறத்தாழப் பாதி அமிலமாக இருக்கும். 4-க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கும் இராது. புட்டியில் 2 விழுக்காடு என்று அச்சிட்டு, உள்ளே பி.எச். 5.5 வைத்து விற்கப்படும் பொருள்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அவை பொய் சொல்லவில்லை, ஆனால் வேலையும் செய்யவில்லை.

பி.எச். அளவைக் குறைத்தவுடன் வேறு சிக்கல் வருகிறது. மலிவாகவும் தாராளமாகவும் நுரை தரும் லாரெத் சல்ஃபேட், அமிலச் சூழலில் வெப்பம் சேர்ந்தால் மெல்லச் சிதையும். சிதையும்போது மேலும் அமிலம் உண்டாவதால் சிதைவு தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்கிறது. கத்திரி வெயில் நாள்களில், தகரக் கூரைக் கிடங்கிலும் லாரியிலும் கிடக்கும் சரக்குக்கு என்ன ஆகும் என்பது இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் அமிலத்தைத் தாங்கும் ஒலிஃபின் சல்ஃபோனேட்டையும், அதன் கடுமையைத் தணிக்கப் பீட்டெயினையும் சேர்க்கிறேன். கெட்டியாக்குவதற்கு உப்பு போடுவதிலும் நிதானம் வேண்டும். ஓர் அளவு வரை உப்பு கலவையை இறுக்கும், அதைத் தாண்டினால் நீர்த்துவிடும். வைட்டமின் பி3 வகையான நியாசினமைடையும் இதிலேயே சேருங்கள் என்று கேட்பார்கள். அது நடுநிலைக்கு நெருங்கிய பி.எச்.-இல் நிலைப்பது, இவ்வளவு புளிப்பில் நாளாக ஆக நிக்கோடினிக் அமிலமாக மாறி முகத்தைச் சிவக்கவைக்கக்கூடும். இரண்டையும் தனித்தனிப் பொருளாகச் செய்யுங்கள் என்பதே என் பதில்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் எந்தக் கலவையைப் பற்றியும் சொல்ல முடியாது. பாலாறு மணலாகக் கிடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் நிலத்தடி நீரில் தோல் பதனிடும் தொழில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த உப்பு இருக்கிறது. தொழிற்கூடத்தில் ஆர்.ஓ. நீர்தான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் குழாயின் உட்சுவரில் படியும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் படலத்தை வாரந்தோறும் கவனிக்காவிட்டால், கிருமிநாசினித் திரவத்திற்குள்ளேயே கிருமி வளரும். பாத்திரத்திலோ நீரிலோ இரும்பு சிறிதளவு இருந்தாலும் சாலிசிலிக் அமிலம் ஊதா நிறம் கொள்ளும். வெள்ளைக் கலவையில் அந்த நிறத்தைப் பார்த்தவுடன், எந்தப் பாத்திரம் என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவேன். மருத்துவமனைகளுக்கான 4 விழுக்காட்டுக் குளோர்ஹெக்சிடின் திரவத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நேர்மின் தன்மை கொண்ட அந்த மருந்து, சாதாரணச் சோப்பையோ சல்ஃபேட் நுரைப்பொருளையோ சந்தித்தால் படிந்து பயனற்றுப்போகும். ஃபேஸ் வாஷ் செய்த கலனை அரைகுறையாகக் கழுவிவிட்டு அதில் குளோர்ஹெக்சிடின் செய்ய நாங்கள் அனுமதிப்பதே இல்லை.

எங்கள் நீரைவிட, வாங்குகிறவர் வீட்டு நீர்தான் என் கவலை. போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் கால்சியத்தோடு சேர்ந்த சோப்பு தோலில் பிசுக்காகப் படிகிறது. தேய்க்கத் தேய்க்கப் போகாததால் மேலும் தேய்க்கிறார்கள். சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை, தோலினுடையது 5-ஐ ஒட்டி. ஒருமுறை கழுவிய பின் தோல் தன் நிலைக்குத் திரும்பவே சில மணி நேரம் ஆகிறது. ஒரு நாளில் பலமுறை கழுவுகிறவருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

பென்சாயில் பெராக்சைடைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது மருந்து; உரிமமும் மருத்துவர் மேற்பார்வையும் வேண்டியது. துளைக்குள் ஆக்சிஜனை விடுவித்து, காற்றை விரும்பாத அந்தக் கிருமியை அழிக்கிறது. கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு பெற்றுவிட்ட கிருமிகள் இதற்கு எதிர்ப்பு பெறுவதில்லை என்பது பெரிய நன்மை. 2.5 விழுக்காடே பெரும்பாலும் போதும். 10-க்குப் போனால் எரிச்சல்தான் கூடுகிறது. துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும் என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சூட்டில் சிதைந்து பென்சீன் உண்டாகலாம் என்ற கேள்வி 2024-இல் அமெரிக்காவில் எழுந்த பிறகு, கிடங்கின் வெப்பநிலைக் குறிப்பேட்டை நான் முன்பைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறேன்.

பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்களில் பலர் முன்பு ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் இருந்தவர்கள். தலைக்கு நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, அதன்மேல் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து வியர்வையில் நிற்பதால், நெற்றியிலும் தாடையிலும் பரு வருகிறது. அவர்களில் ஒரு பெண் ஒருமுறை என்னிடம், "அக்கா, சுர்ருனு எரிஞ்சாதான் மருந்து புடிக்குதுன்னு எங்கம்மா சொல்லுது, நம்ம ஃபேஸ் வாஷ் எரியவே இல்லியே" என்றாள். எரிச்சல் என்பது தோலின் காப்புச் சுவர் உடைவதற்கான அடையாளம் என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் அதற்கு முன் முகத்துக்கு என்ன போட்டாள் என்று கேட்டபோதுதான் உண்மையான கவலை தொடங்கியது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு சிறு டியூப். அதில் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டான மோமெட்டசோன் மூன்றும் இருந்தன. முதல் சில நாளில் முகம் வெளுத்து, பரு அடங்கி, எல்லாம் நன்றாகத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து சிவந்து, ஸ்டீராய்டே புதிய பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், இந்த டியூப் கைமாறுவது நிற்கவில்லை. சி.எம்.சி. மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டும்படி சொல்லி, அரை நாள் விடுப்புக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். எந்த ஃபேஸ் வாஷாலும் சரிசெய்ய முடியாத முகம் அது.

மஞ்சள், வேம்பு கேட்டும் நிறையப் பேர் வருகிறார்கள். நம் வீட்டுப் பெண்களின் பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் வெளுக்கும், காரத்தில் குங்குமமாகச் சிவக்கும். தெளிந்த புட்டியில் அதை ஓராண்டு காப்பது கடினம். பெயருக்கு ஒரு துளி சாற்றைச் சேர்த்துவிட்டுப் புட்டியின் முகப்பில் இலைப் படம் போடுவதை நான் ஆதரிப்பதில்லை.

துளையின் அடைப்பு கண்ணுக்குத் தெரியும் பருவாவதற்கே வாரக்கணக்காகிறது. அதனால் எந்தச் சிகிச்சைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். இதைப் புட்டியில் அச்சிடுங்கள் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்கிறேன். விற்பனை குறையும் என்று பெரும்பாலோர் மறுக்கிறார்கள். எரிச்சல் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயன்படுத்தவும் என்ற வரியையாவது சேர்க்கச் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது சோப்பு கலவாத ஒரு கட்டி. கோகாயில் ஐசெதியோனேட் என்ற மென்மையான நுரைப்பொருளின் அடிப்படையில், பி.எச். 5.5 அளவில், உப்பு நீரிலும் பிசுக்குப் படியாத பொருள். அதன் நுரையை ஆர்.ஓ. நீரில் சோதிப்பதில்லை, பேக்கிங் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவரும் போர் தண்ணீரில்தான் சோதிக்கிறேன். தோலுக்கு இதமாக இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். சாதாரணச் சோப்பைவிட மூலப்பொருளின் விலை பல மடங்கு என்பதே தடை. ஸ்டியரிக் அமிலத்தையும் மாவுச்சத்தையும் எவ்வளவு வரை கூட்டினால் கட்டி விரிசல் விடாமல், விலையும் அவர்கள் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கும் என்பதைத்தான் இந்த மாதம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.